கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பூந்தமல்லி தாண்டி, ஏரிக்கரைப் பக்கம்
நூறு நாள் மட்டும் குடியிருக்க
ஒரு வீடு கட்டினார்கள்.
கூரை இருக்கிற இடத்தில் விளக்குகள்.
கஜபதி அதற்குக் கண்ணாடி பொருத்தப் போனார்.
நாளுக்கு ஆயிரத்து நூறு, மத்தியானம் எலுமிச்சை சாதம்,
அவர் போனின் கண்ணில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

முப்பத்தெட்டுக் கண்ணாடி.
இந்தப் பக்கம் நின்றால் உன் முகம்தான்.
அந்தப் பக்கம், கறுப்புத் துணி தொங்கும் சந்தில் நின்றால்
வீடே தெரியும்.
"அவங்க பல்லு விளக்குறதைக்கூட
ஒருத்தன் நின்னு பாப்பான், குணா."

மேனேஜர் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னாராம்:
"மூஞ்சில ஏதோ இருக்குய்யா உனக்கு.
அடுத்த தடவை சாதாரண ஆளுங்களும் வேணுமாம்."
அவ்வளவுதான்.
மேனேஜரின் டீ அன்றைக்கே ஆறியிருக்கும்.
இவருக்கு இன்னும் கொதிக்கிறது.

வியாசர்பாடியில் எங்கள் ஒற்றை அறையில்
ஒரு பீரோ, ஆளுயரக் கண்ணாடியோடு,
என் கல்யாணச் சீர்.
அதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.
வாய் மூடி மென்றார்.
அழுக்குச் சட்டையைத் தானே மடித்து வைத்தார்.
நிரோஷாவின் கணக்கு மார்க்கைப் பார்த்துக்
கை ஓங்கி, பாதியில்
பீரோ பக்கம் ஒரு தரம் பார்த்து,
அதே கையால் தலையைத் தடவினார்.

இதை யாரிடம் போய்ப் புகார் சொல்ல?

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
என்னிடம் மன்னிப்புக் கேட்டார்,
சொல்லாமல் வளையலை அடகு வைத்ததற்கு.
ட்யூப் லைட் படுகிற இடமாகப் பார்த்து நின்று,
குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைத்து.
கண்ணாடிக்குத்தான் என்று தெரியும்.
தெரிந்தே அழுதேன்.
அழும்போது நானும் முகத்தைக் கொஞ்சம்
வெளிச்சத்துக்குத் திருப்பினேனா,
அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஆடியில் ஒரு ராத்திரி ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்து
மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை.
இருட்டில் பழைய குரல் வந்தது:
"விசிறிய எங்கடி வெச்சுத் தொலைச்ச?"
எவ்வளவு நாளாயிற்று அந்த "டி"யைக் கேட்டு.
சிரிப்பு வந்தது. கோபமும்தான்.
லைட் எரிந்ததும்
"குணா, உனக்குத் தண்ணி வேணுமாம்மா" என்றார்.

நிகழ்ச்சி தொடங்கிய அன்றைக்கு
தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சத்தம்.
யாரோ ஒரு சீரியல் பெண் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.
இவர் அவளைப் பார்க்கவில்லை.
அவள் கன்னத்துக்குத் தள்ளி, இடது கீழ் மூலையில்
மங்கலாக ஒரு கறை.
சிலிகான் காய்வதற்குள் அழுந்திவிட்ட
கட்டைவிரல்.
"அதான். அதான் நான்."
நிரோஷா டிவியிடம் போய் அப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

நூறு நாளும் பார்த்தார்.
யாரை வெளியே அனுப்புவதென்று
பக்கத்து வீட்டுப் பையன்கள் ஓட்டுப் போட்டுச் சண்டை போட்டார்கள்.
இவருக்கு ஒரே கவலை,
யாராவது துடைத்துவிடப் போகிறார்கள்.
யாரும் துடைக்கவில்லை.
கோடிப் பேர் பார்த்தார்கள்,
ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

பிறகு போன் வந்தது. அதே மேனேஜர் நம்பர்.
தவணையில் வாங்கிய மெரூன் சட்டையை
எழுந்து நின்று போட்டுக்கொண்டுதான் எடுத்தார்.
செட் பிரிக்கிற வேலை.
கண்ணாடி உடையக் கூடாது.
இந்தத் தடவை ஆயிரம்தான்.

அந்தச் சட்டையோடே போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
மடிப்பெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்தார்.
பீரோவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
சத்தம் போட்டு ரசம் உறிஞ்சினார்.
எந்தப் பக்கம் நின்று கழற்றினார் என்று
நான் கேட்கவில்லை.

படுக்கும்முன் பொட்டை எடுத்துக்
கண்ணாடியில் ஒட்டினேன்.
இடது கீழ் மூலையில்.
நான் வழக்கமாக ஒட்டுகிற இடம்
அது இல்லை.